புளியாரைக் கடை

மண்டபம் ரயிலடிக்குத் தெற்கே
பச்சைப் போர்டு மாட்டிய பார் ஒன்று உண்டு.
போர்டில் மூன்று இலை.
ஓனர் கப்பலில் சமையலுக்குப் போனவர்,
ஐரிஷ்காரர்களின் ராசி இலை என்பார் அதை.
எங்கள் பக்கம் அதற்குப் பெயர் புளியாரை,
மூலத்துக்கு அரைத்துக் குடிப்பார்கள்.
ஆகவே புளியாரைக் கடை.

இன்னாசி விடுதலையாகி வந்த மூன்றாம் நாள்
அங்கேதான் போகணும் என்றான்.
யாழ்ப்பாணத்தில் ஏழு மாதம் இருந்தவன்.
"கண்ண மூடுனா பொண்டாட்டி மொகம் வரும்,
சின்னவ மொகம் வரும்,
அப்புறம் இந்தக் கடை பீர் பாட்டில் வரும் மாப்ள,
மேலெல்லாம் வேர்த்துக்கிட்டு."
வரிசை சரிதானா என்று நான் கேட்கவில்லை.

தடைக்காலம் முடிந்து
நாலு படகுக்கு எஞ்சின் பார்த்த காசு
சட்டைப்பையில் கனத்தது.
இன்னிக்கு என் கணக்கு என்றேன்.
அதைச் சொல்லும்போது
யாருக்குமே முதுகு கொஞ்சம் நிமிரும்.

உள்ளே ஆள் மாறியிருந்தது.
எங்களுக்குக் கேட்காமலே ஊறுகாய் வைக்கிற செல்லையா இல்லை.
திருப்பூர் என்றார் ஒருவர்,
மாலத்தீவு என்றார் இன்னொருவர்.
கடல் தெரிகிற ஜன்னலை
ஏசிக்காகப் பலகை அடித்து மூடி
அதன்மேல் கடல் படம் ஒட்டியிருந்தார்கள்.
அதில் மலை இருந்தது. எந்த ஊர்க் கடலோ.

இருபது நிமிஷம் யாரும் வரவில்லை.
பாலம் பார்க்க வந்த பெங்களூர்க் கூட்டத்துக்கு
மூன்று தடவை ஐஸ் போனது.
நான் கை தூக்கினேன். விரல் சொடுக்கினேன்.
கடைசியில்
தூரத்துப் படகைக் கூப்பிடுவதுபோல்
துண்டை எடுத்து வீசினான் இன்னாசி.
அதற்குத்தான் வந்தான் பையன்.

பீர் வந்தது.
இன்னாசி பாட்டிலை எடுக்கவில்லை.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல்
உள்ளங்கையை அதன்மேல் வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.
"சுடுது" என்றான்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேராம். ஐஸ் தீர்ந்ததாம்,
ஐஸ் ஃபாக்டரிக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற கடையில்.

மீன் சொன்னோம்.
விரல் விரலாக வந்தது,
தூளில் புரட்டி, சோப்புக் கட்டி மாதிரி ஒரே அளவில்.
இன்னாசி ஒன்றைப் பிட்டான். மோந்தான்.
உள்ளே முள் தேடினான்.
"மாப்ள, இது கடலப் பாத்த மீனில்ல."
பிபின், ஒடிசாப் பையன், ஒளிக்காமல் சொன்னான்:
"பாக்ஸ்ல வருது அண்ணா."
விடிந்தால் பாறையும் சீலாவும் ஏலம் போகிற கரை இது.

பில்லில் மியூசிக் சார்ஜ் எண்பது ரூபாய்.
பாட்டே ஓடவில்லை.
நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.
உண்மையைச் சொன்னால்
சண்டை போட ஆசையாகத்தான் இருந்தது.
இன்னாசி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.
"புகார் புக்கு இருக்கும், கேளு.
ஏழு மாசம் புரியாத எழுத்துக்குக் கீழ
கையெழுத்துப் போட்டாச்சு.
இன்னிக்காவது புரிஞ்சு போடுறேன்."

புக்கைத் தேடிக் கொண்டுவரப் பத்து நிமிஷம்.
முதல் பக்கத்தில் 'நல்ல சர்வீஸ்' என்று
நாலு பெயரில், ஒரே கையெழுத்தில்.
அதன் கீழே அழுத்தி எழுதினான்:
பீர் சுட்டது.
மீன், மீன் இல்லை.
ஜன்னலைத் திறக்கவும்.

விலாசம் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வீடு அவன் மாமனாருடையது.
பிறகு படகு நம்பரை எழுதினான்,
மயிலிட்டித் துறையில் பாதி மூழ்கிக் கிடக்கிற
அவன் படகின் நம்பரை,
எழுத்தை விட்டு எண்ணை மட்டும்.

பிபின் அதைப் போன் நம்பர் என்று நினைத்து
விரலால் எண்ணிப் பார்த்தான்.
"அண்ணா, இதுல கால் போகாதே."

"போகாது" என்றான் இன்னாசி.
பேனாவை மூடி
அவன் பையில் சொருகிவிட்டான்.