மத்திய வங்கி, ஐந்தாம் பாடவேளை

அன்றைக்கு நான்தான் மத்திய வங்கி.
புவிதா மிஸ் சீட்டுக் குலுக்கி என் பெயரை எடுத்தார்.
தாள்காசு, போன தவணை மிஞ்சிய வினாத்தாள்கள்
கத்தரித்தவை.
பின்பக்கம் பாதிப் பாதி வினாக்கள்.

ஆளுக்குப் பத்து. சந்தை திறந்தது.
பருப்பு அட்டை ஐந்து, அரிசி நான்கு, மண்ணெண்ணெய் மூன்று.
கேஸ் சிலிண்டர் ஒன்றே ஒன்று, அது பர்ஸீனிடம்.
கொட்டாஞ்சேனை மழை தகரத்தில் விழுந்த சத்தத்தையும் தாண்டி
நாங்கள் பேரம் பேசியதில்
பக்கத்து வகுப்புக் கணக்கு சேர்
வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் சுற்றில் மிஸ் என் காதில்,
"எல்லாருக்கும் இன்னும் இருபது குடு" என்றார்.
கொடுத்தேன்.
மேசையில் தட்டினார்கள். விசிலடித்தார்கள்.
பதினைந்து வயதுக்கு எனக்கு அதுதான் முதல் கைதட்டல்.
கேட்காமலே இன்னுமொரு பத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் சுற்றில் பருப்பு நாற்பது.
"அதே பருப்புத்தானே?"
"அதே பருப்புத்தான்" என்றாள் டெல்மா,
"உன்ட காசுதான் வேற."

பர்ஸீன் சிலிண்டரை விற்கவில்லை.
பொக்கற்றில் வைத்து, மேலே கையையும் வைத்து
"நாளைக்கு வாங்க" என்றான்.
அவன் முன்னால் வரிசை. வரிசையின் தலையில் மெரின்டா.
விற்க அவளிடம் ஓர் அட்டையும் இல்லை,
நின்ற இடத்தை விற்றாள்.
பதினைந்து தாளுக்கு ஓரடி பின்னால்,
அடுத்தவனுக்கு இன்னும் ஓரடி.
மிஸ் விதித்தாளைப் புரட்டினார்.
"கூடாது என்டும் அதில இல்லையே, மிஸ்."
கேஸ் இல்லாத அந்த வருசம்
விடிய விடிய வரிசையில் நின்ற பிள்ளை.
மிஸ் தாளை மடித்து வைத்தார்.

சஞ்சுதன் முன்னமே வெளியே.
அரிசி வாங்காதவர் ஆட்டத்தில் இல்லை,
அவன் எண்ணி முடிப்பதற்குள் அரிசி ஏறிவிட்டது.
நான் கொடுத்த முப்பதையும் கப்பல் செய்து
ஜன்னலுக்கு வெளியே கானில் விட்டுக்கொண்டிருந்தான்.

மணியடித்தது.
"ஆர் வென்றது?" என்றார் மிஸ்.
ஒருவரும் கை தூக்கவில்லை.
பர்ஸீன் மட்டும் பொக்கற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பின்னேரம் சந்திக் கடையில்
நூறு ரூபாய்க்குப் பருப்பு.
தராசுத் தட்டு அவ்வளவாக இறங்கவில்லை.
நீட்டிய தாளை இழுத்து ஒருமுறை திருப்பினேன்.
பாதி வினா எதுவுமில்லை.
முன்பக்கம் ஒரு கையொப்பம்,
கொஞ்சம் சாய்ந்து, அவசரமாய்.

இவருக்கும் யாரோ
மேசையில் தட்டியிருப்பார்கள்.