பக்கத்துக்கு இருபது ரூபாய்

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி இருட்டில்
என் டைப்பிங் மேஜை.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
பிழை என்னுடையதென்றால் திருத்தம் இலவசம்.

மாதேஸ்வரி வந்தபோது மணி ஒன்றரை.
வக்கீல் ஷகிராபானு கொடுத்தனுப்பிய கைப்பிரதி
மஞ்சப்பையில், மாம்பழங்களுக்கு அடியில்.
ஓரம் நனைந்து
விபசாரத் தடுப்பு என்பதில்
தடுப்பு மட்டும் கலங்கியிருந்தது.

மனு யாருக்கு என்றேன்.
"சட்டம் போடுறவங்களுக்கு."
தெரியுமா அவர்களை?
"வந்திருப்பாங்க.
லாட்ஜ் ரிஜிஸ்டர்ல பேரு வேறயா இருக்கும்."

முதல் பத்தி தடையின்றி ஓடியது.
'அனுதாபத்துக்குரிய இப்பெண்கள்' என்ற இடத்தில்
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அத எடுத்துடு.
பாவம்னு ஒருக்கா எழுதிட்டா
காப்பகத்துல கொண்டுபோய் வச்சிருவாங்க.
பூட்டு வெளிப்பக்கம் இருக்கும்."
மீட்கப்பட்ட என்ற சொல்லுக்கு
மேற்கோள்குறி போடச் சொன்னாள்,
ரெண்டு பக்கமும்,
விலங்கு மாதிரி.

பிறகு எட்டாம் பிரிவு.
பொது இடத்தில் அழைத்தல்.
கைப்பிரதியைப் பார்க்காமலே
விரல்கள் தாமாக ஓடின:
கண்ணால் சைகை செய்தும் கையை ஆட்டியும்
அவ்வழியே சென்ற ஆண்களை...
"இது உனக்கு எப்படித் தெரியும்?"

எழுதியது நான்தான்.
ஏட்டுகள் அவசரமாக வருவார்கள்.
பழைய ஃபைலைத் திறந்து
பெயர், வயது, தேதி மட்டும் மாற்றித் தருவேன்.
பதினோரு வருஷம்.
பழைய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்கு நின்றவள்,
லீ பஜாரில் மூட்டை இறக்கக் காத்திருந்தவள்,
டீ குடித்தவள்,
எல்லோருக்கும் ஒரே கண்ணை வைத்தேன்.
ஒருத்திக்குப் பார்வையே கிடையாதென்று
பிறகு கேள்விப்பட்டேன்.
அந்தப் பக்கத்துக்கும் இருபது ரூபாய்தான்.

மாதேஸ்வரி ஒன்றும் திட்டவில்லை.
ஒரு மாம்பழத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.
"நல்ல டைப்பிங்.
எனக்கும் படிச்சாங்க கோர்ட்ல.
ஒரு எழுத்துப் பிசகல."

நான்காம் பிரிவு வந்ததும்
ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.
பதினெட்டு வயது கடந்த எவரும்
தெரிந்தே இவள் வருமானத்தில் வாழ்ந்தால்
குற்றம்.
"நாளைக்கு யுகேந்திரனுக்குப் பதினெட்டு.
ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிக்கிறான்.
அரைக்கிலோ கேக் சொல்லியிருக்கேன்.
இன்னிக்கு ராத்திரி பன்னண்டு வரைக்கும்
எஞ்சோறு அவனுக்குச் சோறு.
பன்னண்டு அடிச்சா?"

மின்விசிறி சுற்றியது.
நான் இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
தட்டிக்கொண்டே இருந்தேன்.
திரையில் வரி வெறுமையாய் நகர்ந்து
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

"கடத்துறவன விட்டுடச் சொல்லலன்னு
தடிச்ச எழுத்துல போடு.
பதினாறு வயசுல என்னக் கூட்டியாந்தவன்
மூணு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கான்.
உன் ஃபைல்ல எங்கயாச்சும்
அவன் பேரு இருக்கா தேடிப் பாரு."
தேடினேன், அவள் முன்னாலேயே.
பெண் பெயர்களாக வந்தன,
வந்துகொண்டே இருந்தன.

ஐந்து பக்கம். காசு வேண்டாம் என்றேன்.
முகம் மாறிவிட்டது அவளுக்கு.
"வேலை செஞ்சியா இல்லியா?
செஞ்சா காசு வாங்கு.
அத்தத்தானே இம்புட்டு நேரம் எழுதச் சொன்னேன்."
நூறு ரூபாய்த் தாளை
மாம்பழத்துக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு ஏட்டு ஒருவர்,
தொப்பியில் மழைத்துளியோடு.
"அந்தப் பழைய ஃபைல் எடும்மா.
பேரு மட்டும் மாத்தணும்."
அதில் பிழை இருக்கிறது சார் என்றேன்.
"எந்த வரியில?"
சேர்வராயன் முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது.
பழம் நறுக்கக் கத்தி தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.