கடந்த ஏழு நாட்களில்

இருபத்தெட்டுக் கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
சிரமம் இல்லை என்று தொடங்கி
முடியவே இல்லை என்பதில் நிற்கும்.

ராயபுரத்தில் மருத்துவமனையின் கைப்பிரிவு,
பதினோராம் அறைக்கு வெளியே
மின்விசிறிக் காற்று எட்டாத பெஞ்சில்
நான் வாசிக்க, அவர்கள் சொல்வார்கள்.
விளக்கக் கூடாது. எடுத்துக்கொடுக்கக் கூடாது.
முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

மொழிபெயர்க்க மூன்று நாள் உட்கார்ந்தோம்.
ஜாம் புட்டி ஊறுகாய் பாட்டிலாயிற்று.
கட்டில் விரிப்பு, பாய் சுருட்டுவதாயிற்று.
தோட்ட வேலைக்கு எதுவும் அகப்படாமல்
தண்ணி லாரியில் குடம் பிடிப்பது என்று எழுதி
மறுநாள் அடித்தோம்.
அதற்கு நல்ல கையே போதாது.

அஞ்சலாட்சி காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்.
வஞ்சிரம் வழுக்கி, கத்தி திரும்பி
ஆள்காட்டி விரலின் நரம்பில் இறங்கியது.
பன்னிரண்டாம் கேள்வி:
கத்தியால் காய் நறுக்குவது.
"காயெல்லாம் மருமவ நறுக்குவா.
மீனுன்னு கேளு, சொல்றேன்."
மீன் படிவத்தில் இல்லை.
"சரி, மூணு போட்டுக்கோ கண்ணு" என்றார்
என் மேல் இரக்கப்பட்டு.

டில்லிபாபு அம்பத்தூரில் பவர் பிரஸ் ஓட்டியவர்.
வலக்கையில் மிஞ்சியது
கட்டைவிரலும் சுண்டுவிரலும்.
சட்டைப் பொத்தான் போடுவது?
சிரமம் இல்லை.
டிபன் பாக்ஸ் திறப்பது?
சிரமம் இல்லை.
பஸ்ஸில் மேல்கம்பி பிடித்து நிற்பது?
இல்லம்மா, ஒண்ணும் சிரமமில்ல.
கூடக் கூட மோசம் என்கிற கணக்கில்
நூற்றுக்குப் பதினாறு வந்தது.
எழுதி எழுதி மரத்திருந்த என் கைக்கே
அன்று அதைவிடக் கூட வந்திருக்கும்.

எழுந்து போகும்போதுதான் கவனித்தேன்.
தலை வழியே மாட்டுகிற டி-ஷர்ட்.
பையில் டிபன் பாக்ஸ் இல்லை, ஒரு பன்.
வாசலில் மகன் வண்டியோடு நின்றான்.
செய்யாத வேலையில் சிரமம் ஏது?
படிவம் பொய் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகள்.
கை மாறாதபோது பதிலும் மாறக் கூடாது,
ஒரு கேள்வித்தாளை நம்பலாமா என்று
அப்படித்தான் பார்ப்பது.
பிடிமானம் அன்று நான்கு கிலோ,
இன்றும் நான்கு.
ஆனால் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.
மேலே மூன்று பொத்தான் சரி,
நான்காவது ஐந்தாவதன் ஓட்டையில்.
பொத்தான்?
"முடியல."
டிபன் பாக்ஸ்?
"பல்லால தொறந்தேன். கொட்டிடுச்சி."
மேல்கம்பி?
"கொரட்டூர்லர்ந்து நின்னுக்கினே வந்தேன்.
அஞ்சு போடும்மா, அஞ்சு."
அறுபத்து மூன்று.
ஒரு ஏ.டி.எம். வாசலில்
ராத்திரி காவலுக்குப் பேசி வைத்திருக்கிறாராம்.
அவர்கள் சட்டை போட்டு வரச் சொன்னார்களாம்.

புள்ளியியல் பார்க்கிற சாய்லதா போன் செய்தாள்.
நாற்பத்தோராவது ஆள் கோட்டை விட்டு
எங்கேயோ தனியாக நிற்கிறார், எது தப்பு,
பதினாறா, அறுபத்து மூன்றா?
நான் ஏற்றினதில் பிழை இல்லை என்றேன்.
கை மோசமாயிடுச்சா?
இல்லை.
தூக்கிடவா? விட்டால் ரெண்டாம் தசமத்தில் குறையும்.
குறையட்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் அவள் கீபோர்டு மட்டும் கேட்டது.

அஞ்சலாட்சியின் கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி.
கையின் நிலையால்
உங்களைக் குறைவாக உணர்கிறீர்களா?
"யார்கிட்ட?"
விளக்கக் கூடாது.
அதே வரியை, அதே குரலில், மறுபடி வாசித்தேன்.
"அதான் கேக்கறேன், யார்கிட்ட?"
ஐந்து கட்டமும் காலியாக இருக்கிறது.

ஐஸ் கரைஞ்சிடும் என்று எழுந்தவர்
கட்டுப் போட்ட கையில்
பாலிதீன் பை ஒன்றை மாட்டிக்கொண்டு
கேட்காமலே என் பக்கம் நீட்டினார்.
முடிச்சுப் போட்டேன்.
"இன்னும் இறுக்கி" என்றார்.