சிவப்புக் கயிறு

பீலினென் ஏரி மே பத்தாம் தேதி திறந்தது.
இரவெல்லாம் பனிக்கட்டி
வளையல் கூடை கவிழ்ந்ததுபோல் கலகலத்தது.
காலையில் பார்த்தால் தண்ணீர்.
எதுவுமே நடவாததுபோல், கறுப்பாய்.

தார்ப்பாயை இழுத்தேன்.
மடிப்புகளில் போன வருட பிர்ச் இலை,
செத்த குளவி ஒன்று,
உன் கையுறைகளில் ஒன்று. வலது கை.
இருக்கட்டும் என்று பெயின்ட் டப்பாமேல் வைத்தேன்.

மழைநீர்ப் பீப்பாயில் மோட்டாரின் காலை இறக்கிக்
கயிற்றை இழுத்தேன்.
ஒன்று. இரண்டு. பதினொன்று.
ஒரு இருமல்கூட இல்லை.

முதல் சந்தேகம் பெட்ரோல்மேல்.
ஜாம் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால்
மேலே தேன்நிறம்,
அடியில் ஒரு விரல்கடைத் தண்ணீர்,
ஒரே போத்தலில், ஒட்டாமல்.
(உவமை ஒன்று சொல்லத் தோன்றியது, வெய்யோ.
வேலை கிடக்கிறது.)
நூர்மெஸ் பங்கில் லிட்டர் என்ன விலை தெரியுமா?
கிளம்பாத மோட்டாரே லாபம்.

பிறகு கார்புரேட்டர்.
திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே
முட்டை அட்டையின் குழிகளில் வைத்தேன்.
நீ இருந்தால் சிரித்திருப்பாய்,
பிறகு ஒன்றைத் தொலைத்திருப்பாய்.
மிதவைக் கிண்ணத்தில் பச்சைப் பிசின்.
கடுகும் நுழையாத துளையைக்
கிட்டார் கம்பியால் குத்திக் குத்தி
வானத்துக்கு நேரே பிடித்தேன்.
ஊசிமுனை அளவு நீலம் தெரிந்தது.

பதினான்கு இழுப்பு.
தோள்பட்டை கழன்று வரும்போலிருந்தது.
எஞ்சின் வரவில்லை.

மூடிக்குள் எலிக்கூடு.
என் கம்பளிச் சாக்ஸை நூல்நூலாய்ப் பிரித்து
மெத்தை தைத்திருந்தது.
அள்ளிப் போட்டேன்.

புதுப் பிளக்கை உலோகத்தில் தொடவைத்து
பொறி தெரிய இருட்டு வேண்டுமே என்று
கோட்டைத் தலைமேல் போர்த்திக் குனிந்திருந்தேன்.
"ஹில்க்கா, ஜெபமா?" என்றார்
பக்கத்துக் கரையின் தாய்ஸ்தோ.
காயில் போயிருக்கும், நானூறு யூரோ, என்றார்.
என் காப்பியைக் குடித்தார்.
போனார்.

பொறி இல்லை.

களைத்துப்போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்ததால்தான் கண்ணுக்கு நேரே வந்தது:
நிறுத்தும் பொத்தான், உள்ளே அமுங்கி.
அதன் கழுத்தில் செருகியிருக்க வேண்டிய கிளிப் இல்லை.
நீ மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிறு இல்லை.

அக்டோபரில் படகை ஏற்றிய அன்று
அதைக் கழற்றிப் பழுப்புக் கோட்டின் பையில் போட்டாய்.
அந்தக் கோட்டோடுதான்
யோயென்சூ பேருந்தில் ஏறினாய்.

கயிறு உருவப்பட்டால்
ஓட்டியவன் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று
எஞ்சின் எடுத்துக்கொள்ளும். நின்றுவிடும்.
அவனை விட்டுவிட்டு ஒரு முழம் நகராது.
ஆக, ஏழு மாதமாய்
இந்தக் கொட்டகையில் இது
நீ ஏறி வருவாய் என்று நின்றிருக்கிறது.

போனை எடுத்தேன். வைத்தேன்.

மீன்பிடி நூலைப் பொத்தானின் கழுத்தில்
இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.
மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

நீலப் புகை, கொட்டகை நிறைய.
சேமித்து வைக்குமுன் நீ சிலிண்டரில் தெளித்த எண்ணெய்.
அதைச் சரியாகத்தான் செய்திருந்தாய்.
சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பக்கத்துளையில் தண்ணீர் வரவில்லை.
சூடேறினால் எல்லாம் போச்சு.
சட்டென்று நூலை உருவி நிறுத்திக்
கிட்டார் கம்பியை விட்டுக் குடைந்தேன்.
குளவி கட்டிய மண், பொடிப்பொடியாய்.
மறுபடி இழுத்தேன்.
சின்னப் பையன் வேலியோரம் நின்றதுபோல்
வளைந்து பீய்ச்சியது.
கையை நீட்டினேன். வெதுவெதுப்பு.

நூலோடு ஏரிக்குள் போக மாட்டேன்.
நாளை நூர்மெஸில் புதுக் கயிறு, ஆறு யூரோ.
என் மணிக்கட்டுக்குப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.
நான் விழுந்தாலும்
நிற்க வேண்டுமல்லவா, அது.