கிடைத்த இடம்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது.
கல்லைக் காவிக்கொண்டு ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க
படித்திருப்பத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறார் மிசிஸ் ஹெர்ஃப்ட்.

மேசையில் பழைய துவாய். கல் எல்லாம் அதன்மேல்தான்.
வட்டிலப்பம் வேறு மேசையில்;
ஒருமுறை யாரோ கல்சைட் துண்டைக்
கற்கண்டென்று வாயில் போட்டதிலிருந்து.

மிஸ்பாஹ் ஹாஜியார் பஞ்சைப் பிரிக்கிறார்:
எட்டு முகமும் உடையாத ஸ்பினல், மிளகளவு.
"கிழமையெல்லாம் வெட்டி விக்கிற கைதான்.
இதை வெட்டாதே எண்டு
நானே எனக்குக் காவல் நிக்கிறன்."
உபசேன கொண்டுவந்தது போகலச் சுரங்கத்துப் பென்சிற்கரி,
ஊசி ஊசியாய், ஒரு குருவியின் கூடு எரிந்த மாதிரி.
அவர் தொட்ட கோப்பையை
வேறொருவர் மாறி எடுப்பதில்லை.
சஞ்சுதன் லைட்டை அணைத்து ஊதா டோர்ச் அடிக்கிறான்.
வெளிறிய புஷ்பராகம்
அடுப்பில் ஊதிய தணல் போலக் கண் விழிக்கிறது.
"ஆ" என்கிறோம். போன மாதமும் சொன்னோம்.

சட்டம் ஒன்றுதான்.
கல்லோடு ஒரு துண்டு வரவேண்டும்: பெயர், இடம், ஆண்டு.
இடம் தெரியாத கல் அலுமாரிக்குள் போகாது.
பல்கனியில், அந்தூரியச் சாடிகளுக்குள்,
ஊர் தொலைந்த அமெதிஸ்டுகள்
நாளுக்கு இருமுறை தண்ணீர் குடிக்கின்றன.

இன்று என் முறை.
குளிசைப் போத்தலைத் திறந்து கவிழ்த்தேன்.
மண்ணிறம். முள்முள்ளாய். ஐந்து மில்லிமீட்டர்.

பத்து மடங்கு வில்லையின் கீழ்
தேன் நிறத்தில் நூறு குத்துவாள்கள்.
"சேர்கோனா?"
"கார்னட் உடைசல்."
"புல்மோட்டை மணலிலயா எடுத்தது?"
ஹாஜியார் சாமணத்தால் தூக்கி, முகர்ந்து,
பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்குக் கொண்டுபோக
"ஐயோ ஹாஜியார், வேண்டாம்!
அது என்ர கிட்னிக் கல்."

உபசேன சிரித்த சிரிப்பில் துவாய் முழுக்கக் கரி.

பிறகு வழக்குத் தொடங்கியது.
பூமி செய்தால்தான் கனிமம் என்றார் உபசேன.
இதே பொருள் நிலக்கரிப் படுக்கையில் கிடைக்கிறது,
அங்கே அதற்குப் பெயர் வெவெல்லைட் என்றான் சஞ்சுதன்.
நிலக்கரி வலியில் கத்தாது என்றேன் நான்.
வாக்கெடுப்பு. நாலுக்கு ஒன்று. கல் வென்றது.

மிசிஸ் ஹெர்ஃப்ட் பேனையைத் திறந்தார்.
"பெயர், சரி. ஆண்டு, சரி. இடம்?"

"பெரியாஸ்பத்திரி, வார்ட்..."
"அது கிடைச்ச இடம். உண்டான இடம்?"

கல் வளரப் பல வருஷம் எடுக்கும் என்றார் டொக்டர்.
எந்தத் தண்ணீரில் முதல் துகள் கட்டியது?
கேத்திலில் வெள்ளை படியும் வவுனியாக் கிணறா?
முகாமில் பவுசருக்குப் பின்னால் வரிசை நின்று
பாதி சிந்தி வந்த வாளியா?
இந்த நகரத்தின் குளோரின் மணக்கும் பைப்பா?
முன்பொருநாள் இதே வெள்ளவத்தையில்
பொலிஸ் பதிவுத் தாளில் 'நிரந்தர முகவரி' என்ற கோட்டில்
பேனை நின்றது.
இன்றும் அதே இடத்தில் நிற்கிறது,
வேறொருவர் கையில், கொஞ்சம் அன்போடு.

நாலு ஐம்பது கோச்சி கரையோரம் கடந்தது.
துவாயில் கற்கள் நடுங்கின.
எல்லாரும் அவரவர் கல்லைப் பொத்தினோம்.
என் கல்லை என் சுண்டுவிரல் மூடிற்று.

"பேந்து எழுதலாம்" என்றார் மிசிஸ் ஹெர்ஃப்ட்.
கோட்டை வெறுமையாக விட்டார்.
நான் பல்கனியைப் பார்த்தேன்.
அவர் அலுமாரியைத் திறந்தார்.

படியிறங்கும்போது ஹாஜியார் பின்னாலே வந்து,
இருமி, குரலைத் தணித்து:
"உள்ளுக்கு இன்னும் இருக்கா, தங்கச்சி?"
"ஸ்கான்ல ரெண்டு காட்டுது."
"அல்லாஹ் சுகம் தரட்டும்."
இரண்டு படி மௌனம்.
"ஒண்டு... ஆருக்கும் சொல்லி வச்சிட்டீங்களா?"