இருபத்தெட்டு நாள்

பணம் வந்த அன்று
பாஸ்புக்கை இரண்டு தரம் அச்சடிக்கக் கொடுத்தேன்.
பதினான்கு லட்சத்து எண்பதாயிரம்.
முன்பிருந்தே கணக்கில் கிடந்த
என் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்
பெரிய மனிதர்கள் ஏறிய லிஃப்டில்
தூக்குச்சட்டியோடு நிற்பவள் மாதிரி
ஒடுங்கி நின்றது.

பசவராஜு எதையும் மறைப்பதில்லை.
ஸ்ரீராமபுரத்தில் பெயின்ட் கடைக்கு மேல் அறை.
கையெழுத்துப் போட்ட காசோலைகள் மூன்று,
ஏ.டி.எம். கார்டு,
ரகசிய எண் எழுதிய பஸ் டிக்கெட்,
எல்லாவற்றையும் காலி மைசூர்பாகுப் பெட்டியில் போட்டு
ரப்பர் பேண்ட் சுற்றினார்.
"இருபத்தெட்டு நாள் இருக்கும்மா. தொடக்கூடாது.
தொட்டா அங்கயும் தெரியும், இங்கயும் தெரியும்."
வட்டி நாற்பத்து நாலாயிரத்து நானூறு,
முன்பணமாக.
எண்ணியதும் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு
நாங்கள் மூன்று பேரும் அதுவுமாக
ஒரே அறையில் குடியிருந்தோம்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து பீன்யாவிலிருந்து வந்ததும்
அம்மா செருப்பைக் கழற்றியபடியே கேட்பாள்,
"பணம் என்ன செய்யுது?"
"தூங்குது."

ஆறாம் நாள் சிலிண்டர் தீர்ந்தது.
பதினோராம் நாள் ஜெபினுக்குக் கடைவாய்ப் பல்.
கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு
சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான்,
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
அந்த வாரம் எனக்குச் சம்பளம் வரவில்லை.
பதினான்கு லட்சத்துக்காரி
காக்கா கடையில் ஆறு முட்டைக்குக் கடன் சொன்னேன்.

வேலை இரத்தம் எடுப்பது.
ராஜாஜிநகர் லேபில் காலை ஆறு மணிக்கு
வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள்.
நரம்பைத் தேடும்போதெல்லாம்
மனசு எண்ணிக்கொண்டே இருக்கும்:
பதினெட்டு. பத்தொன்பது.
"வலிக்குமா?" என்று கேட்ட பெரியவரிடம்
"இன்னும் ஒன்பது நாள்" என்றேன்.

இருபத்து மூன்றாம் நாள், மதியம் இரண்டே கால்.
அன்புள்ள வாடிக்கையாளரே,
கார்டுக்கான வருடக் கட்டணம்
ரூபாய் இருநூற்று முப்பத்தாறு
தங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.

என் கையிலேயே இல்லாத கார்டு.

பதினான்கு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு.
சம்பிகே ரோடு கிளைக்கு ஓடினேன்,
வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.
கவுன்டர் பெண் நல்லவள், உடனே திருப்பிப் போட்டாள்.
பழைய வரிக்குக் கீழே புது வரி விழுந்தது.
பழைய வரி
அங்கேயேதான் இருந்தது.
விண்ணப்பம் நிரப்பித் தரும் ஃபிர்தவுஸ்
கணக்குத் தாளில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஒரு ரூபாய் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான்.
மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஷெஃபீல்டில் வகுப்பு தொடங்கும் தேதியை
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
இடிக்காமல், உரசிக்கொண்டு போகும்.

பசவராஜு சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.
பெட்டியைத் திறந்து
அந்தக் கார்டை வெளியே எடுத்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்,
கடித்த நாயின் பல்லைப் பார்ப்பதுபோல.
காலண்டரில் புது வட்டம் போட்டார்.
வட்டியும் புதிது, அதே நாற்பத்து நாலாயிரத்து நானூறு.
அம்மா கம்பெனி சொசைட்டியில் கையெழுத்துப் போட்டாள்.
எதற்கும் இருக்கட்டும் என்று
மேலே ஐந்நூறு ரூபாய் சேர்த்துப் போட்ட பசவராஜு
படி இறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்,
"அந்த ஐநூறுக்கு வட்டி வேணாம்மா."

ராத்திரி ஜெபின் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான்,
கன்னம் ஒரு பக்கம் இன்னும் வீங்கியபடி.
அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றினாள்.
"பணம் என்ன செய்யுது?"

"இன்னைக்குத்தான் பொறந்திருக்கு."

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்
டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.