எதிர்க்காற்றுக்கு எத்தனை

புன்டா அரீனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
அப்படிப் பிடித்துக்கொண்டே வந்தாள் நெலிடா பர்ரியா.
கதவைத் தோளால் தள்ளிச் சாத்திவிட்டு
மூச்சு வாங்கக் கேட்டாள்:
"ஓடினால் எவ்வளவு எரிகிறது என்று எண்ணும் கருவி வேண்டும்.
உண்மையாக எண்ண வேண்டும்."

விளையாட்டுப் பொருள் கடையில் எனக்குப் பதினோரு வருடம்.
அந்த இரண்டாம் வாக்கியத்தோடு
யாரும் உள்ளே வந்ததில்லை.

மணிக்கட்டில் கட்டுவதை முதலில் காட்டினேன்.
அடியில் பச்சை வெளிச்சம்,
தோலுக்குள் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.
பதினான்கு நாள் கட்டிப் பாருங்கள்,
பிடிக்காவிட்டால் திருப்பலாம் என்பது மிமிட்சாவின் சட்டம்.
கடை அவளுடையது, நஷ்டமும்.

நான்காம் நாளே வந்துவிட்டாள்.
நெலிடா ரொட்டிக்காரி. விடியற்காலை மூன்று மணிக்கு
நின்ற இடத்தில் நின்று
நாற்பது கிலோ மாவு பிசைகிறவள்.
"ஏழு கிலோமீட்டர் நடந்தேனாம்.
மேசையைத் தாண்டவில்லை நான்."

இன்னொரு புகாரும் இருந்தது.
மாலையில் நீரிணைக் கரையோரம் அவள் ஓட்டம்.
போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது;
திரும்பும்போது அதே காற்று
கடன் கொடுத்தவன் போலச் சட்டையைப் பிடிக்கிறது.
போக நூற்றெண்பது கலோரி,
வரவும் நூற்றெண்பது.
"எதிர்க்காற்றுக்கு எத்தனை? அதைச் சொல்."

நெஞ்சுப்பட்டையை எடுத்து வைத்தேன்.
உள்பக்கம் நனைத்துக் கட்ட வேண்டும்,
இந்தக் குளிரில் முதல் நிமிடம் வசை வாங்கும் என்று எச்சரித்தேன்.
நெஞ்சில் கை வைத்துச் சொல்கிற சாதி இது,
பொய் கொஞ்சம் குறையும் என்றேன்.
ஆனாலும் எந்தக் கருவியும் நெருப்பைப் பார்ப்பதில்லை, அம்மா,
புகையைப் பார்த்துச் சொல்கிறது.

வயது கேட்டது. ஐம்பத்து மூன்று.
எடை கேட்டது.
என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுப் பதித்தாள்.

அதன்பின் ஒன்பது நாள் ஆளைக் காணோம்.
பத்தாம் நாள்
போக நூற்றைம்பது, வர இருநூற்று நாற்பது!
முகத்தில் வழக்கு ஜெயித்த களை.
ஆனால் பட்டையைக் கழற்றி
மேசைமேல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு ஓடிவிட்டுக் கழற்ற மறந்திருக்கிறாள்.
ஓசோர்னோவிலிருந்து தம்பியின் அழைப்பு:
இருவர் பெயரிலும் இருந்த ரொட்டி வேனை
விற்றுவிட்டானாம், சொல்லத்தான் கூப்பிட்டானாம்.
இருபத்திரண்டு நிமிடப் பேச்சு.
நாற்காலியை விட்டு எழவில்லை.
தொண்ணூற்றாறு கலோரி.
'நல்ல பயிற்சி, தொடருங்கள்' என்று
வாழ்த்து வேறு வந்திருக்கிறது கைபேசியில்.

"எரிச்சலையும் எரிப்பையும்
பிரிக்கத் தெரியவில்லை இதற்கு."

பிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.
வயிறு எரிந்தால் அதுவும்
எரிந்ததுதானே.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
இடுப்பில் செருகும் அடியெண்ணியைக் காட்டினேன்.
கடையிலேயே மலிவு; அதற்குக் காற்றும் தெரியாது, தம்பியும் தெரியாது.

கையில் வாங்கிக் குலுக்கினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது.
பக்கத்து நகரத்துக்கே
நின்ற இடத்திலிருந்து நடந்து போய்விடலாம் போலிருந்தது.
"இதற்குக் குழந்தையே பொய் சொல்லிவிடும்" என்று
திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஈரம் காயாத அந்தப் பட்டையைச் சுருட்டிப்
பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"இனி அவனோடு ஓடிக்கொண்டே பேசுகிறேன்.
எது எதற்கு என்று இது குழம்பட்டும்."

பணம் கட்டினாள். வெளியே போனாள்.
கயிற்றை எட்டும் முன்னே இரண்டு முறை நின்றாள்,
ஒரு முறை திரும்பிப் பின்னோக்கி நடந்தாள்.
இருபது மீட்டர் இருக்கும். எவ்வளவு ஆனதோ.

சாயங்காலம் மிமிட்சா ரசீதுகளைப் புரட்டிக்கொண்டே
இந்தப் பத்து சதவீதத் தள்ளுபடி
யாரைக் கேட்டு, எதற்கு என்றாள்.

காற்றுக்கு என்றேன்.